கேரிக் துறையில் தண்ணீர் பேசிய வருஷம்

செம்மறியாடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் பருவம் தொடங்கியபோது கேரிக் ஆற்றுத் தண்ணீர் பேச ஆரம்பித்தது. முதலில் அதைக் கேட்டவள் ஹொனோரா; ஆற்றுத்துறைக்கு மேலே மேட்டில் இருந்த விடுதி அவளுடையது. காலையில் அடுப்பில் ஏற்றிய கெட்டில் சூடாகும்போது வழக்கமான இரைச்சலுக்குப் பதிலாக ஒரு பெண்ணின் குரலில் ஏதோ சொல்லி, ஒரு கிழவரின் குரலில் அதற்குப் பதில் சொல்லி, இரண்டு குழந்தைகள் ஒன்றையொன்று சீண்டுவதுபோலச் சிரித்து, கொதி வந்து மூடி தடதடத்ததும் ஒரு பெரிய குடும்பம் ஒரே நேரத்தில் பேசுவதுபோலப் பேசியது. அவள் அதை இறக்கிவைத்துத் தேயிலையைப் போட்டாள். ஆற ஆறக் குரல்கள் தணிந்து முணுமுணுப்பாகின. வெளியே வண்டிக்காரர்கள் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்ததால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் குவளையை வாயருகே கொண்டுபோய், உள்ளே யாரோ இருமுவதைக் கேட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு குடித்தார்கள்.

கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள் சிட்னியில் இன்னும் நங்கூரம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹொனோராவும் அப்படியொரு கப்பலில் வந்தவள்தான். அயர்லாந்தில் எஜமானியின் கம்பளிச் சால்வையைத் திருடியதற்காக நாடுகடத்தப்பட்டு, தண்டனைக் காலத்தை யார் யார் வீட்டுத் தரையையோ தேய்த்துக் கழித்து, விடுதலையானதும் ஜெத்ரோ என்கிற இன்னொரு பழைய கைதியைக் கல்யாணம் செய்துகொண்டு, சாலை முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்குகிற இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். ஜெத்ரோ இரு கரைக்கும் குறுக்கே வடக்கயிறு கட்டி, தட்டையான ஓடம் ஒன்றை அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து ஆட்களையும் குதிரைகளையும் கம்பளி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகளையும் கரைசேர்த்தான். ஹொனோரா அவர்களுக்கு ரொட்டியும் ஆட்டிறைச்சியும் ரம்மும் படுக்கையும் கொடுத்தாள். அவர்களுக்கு உனா என்று ஒரே மகள். ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும். பிறந்ததிலிருந்து ஒரு சொல்கூட வாயிலிருந்து வந்ததில்லை.

தண்ணீர் பேசுவதைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரும் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. வண்டிக்காரன் டாபின், தன் சொந்த ஊரில் ஒரு கிணறு பெருமூச்சு விடும் என்றும் அதைவிட இது மேல் என்றும் சொன்னான். சூடாக்கினால் சத்தம் கூடும் என்று தெரிந்ததும் பெண்கள் துணியைப் பச்சைத் தண்ணீரில் துவைத்தார்கள், ஆனாலும் கொடியில் போட்ட சட்டைகள் சொட்டச் சொட்ட முணுமுணுத்தன, நன்றாகக் காய்ந்த பிறகே வாயை மூடின. பிசைந்த மாவு ஈரத்துணிக்குக் கீழே கிசுகிசுத்தது, ரொட்டியாக வெந்ததும் அமைதியானது. ரம்மில் தண்ணீர் கலந்தால் பாதிப் பேச்சுதான் கேட்கும் என்பதால் ஆண்கள் தண்ணீர் கலக்காமல் குடிக்கப் பழகினார்கள், அதனால் அந்த வருஷம் சண்டைகள் அதிகமாயின, மண்டைகள் உடைந்தன. குடித்த தண்ணீர் வயிற்றுக்குள் போயும் சிறிது நேரம் பேசியது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் லட்லோ பிரசங்கம் செய்யும்போது பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களின் வயிறுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, ஒருத்தர் வயிற்றில் கிழவர் கேட்ட கேள்விக்கு இன்னொருத்தர் வயிற்றில் ஒரு இளம்பெண் பதில் சொன்னாள், அவர்கள் தொப்பியை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்க வந்தார்கள். புட்டியில் அடைத்துக்கொண்டு போனவர்கள், மலையைத் தாண்டியதும் அது வெறும் தண்ணீராகிவிட்டது என்று திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். விடுதியில் படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் படுத்தார்கள்.

என்ன மொழி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். துறைக்குக் கீழே, அக்கரையில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் தைலமரங்களின் நிழலில் இருந்த பூர்வகுடி மக்கள் பேசிய மொழி அது. கப்பல்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் அவர்களை வளைவுக்காரர்கள் என்று சொன்னார்கள். அவர்களுடைய பெண்கள் மீன் கொண்டுவந்து ஹொனோராவின் சமையலறைக் கதவருகே நிற்பார்கள், அவள் மாவு அளந்து கொடுப்பாள், ஒருவருக்கொருவர் சில சொற்கள் தெரியும், மீதிக்குச் சிரிப்பு போதும். இப்போது வளைவில் யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும், அதையும் யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த சில நாளில், அந்தப் பகுதியின் மேய்ச்சல் நிலமெல்லாம் தன்னுடையது என்று வேலி போட்டிருந்த வெயின் துரையின் மாடுகள் ஈட்டி குத்திச் செத்துக் கிடந்தன. விடியும்போது துரையும் அவருடைய ஆட்களும் துப்பாக்கிகளோடு விடுதிக்கு வந்தார்கள். ஹொனோரா அவர்களுக்குப் பன்றியிறைச்சி வறுத்து, ரொட்டி சுட்டு, தேநீர் ஊற்றினாள். துரை ஜெத்ரோவையும் வரச் சொன்னார், அவன் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவர்களையும் குதிரைகளையும் அக்கரை சேர்த்து, ஓடத்தைக் கட்டிவிட்டுக் கூடவே போனான். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, துறையில் இறங்கி நெடுநேரம் கைகால் கழுவிவிட்டு, மறுபடியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹொனோரா பரிமாறினாள். ஜெத்ரோவின் சட்டையைத் துவைத்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, அந்த நாட்டில் ஈஸ்டருக்குப் பிறகு வரும் குளிர்காலம் முழுவதும் அவர்கள் மழையைப் பற்றியும் மாவு விலையைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் உனா பேசினாள்.

துணி ஊறவைத்த தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கி, தண்ணீர் அப்போதுதான் சொன்ன ஒரு சொல்லை அப்படியே, அதே ராகத்தில், தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஹொனோராவின் கையிலிருந்த சோப்பு கீழே விழுந்தது. அவள் மண்ணில் மண்டியிட்டு, "இன்னொரு தடவை சொல்லு கண்ணு, இன்னொரு தடவை" என்றாள். குழந்தை சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அவள் காலையில் கண் விழித்ததும் முகம் கழுவும் கிண்ணத்தோடு பேசினாள், மத்தியானம் ஆற்றோடு பேசினாள், தண்ணீர் சொன்னதை முதலில் திருப்பிச் சொன்னவள் பிறகு தானாகக் கேள்வி கேட்டாள், கோபித்துக்கொண்டாள், கதை சொன்னாள். தாய் சொல்வது மகளுக்குப் புரிந்தது, மகள் சொல்வது தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அது ஹொனோராவுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. தன் மகளுக்குக் குரல் இருக்கிறது, அந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பானது, வியப்பு வந்தால் மேலே ஏறுவது என்று தெரிந்துகொண்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. தண்ணீர் ஒருபோதும் வாயை மூடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

மற்றக் குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள், ஆனால் விளையாட்டுக்கு. தண்ணீரில் அடிக்கடி வந்த சில சொற்கள், யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல நீட்டி ஒலித்த சொற்கள், வாய்க்கு நன்றாக இருந்தன. அவற்றைக் கோத்து ஒரு பாட்டாக்கி, தேவாலய முற்றத்தில் கயிறு சுழற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குதி குதித்தார்கள். தாய்மார்கள் காலால் தாளம் போட்டார்கள். வெயின் துரையின் சின்ன மகள்தான் எல்லோரையும்விட நன்றாகக் குதித்தாள்.

ஓடத்தில் இருந்த ஜெத்ரோவைத் தவிர ஆண்களெல்லாம் ரோமம் கத்தரிக்கப் போயிருந்த ஒரு பகலில், சமையலறைக் கதவருகே ஒரு நிழல் விழுந்தது. ஹொனோரா திரும்பிப் பார்த்தாள். மீன் கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி. அவளுடைய தலை முழுவதும் வெள்ளைக் களிமண் தொப்பிபோல அப்பிக் காய்ந்திருந்தது. சாவுக்குத் துக்கம் காப்பவர்கள் அப்படிப் பூசிக்கொள்வார்கள். வெள்ளைக்காரர்கள் அவளை பெக் என்று கூப்பிட்டார்கள். அவளுடைய உண்மையான பெயரை அவள் பின்னால் ஹொனோராவிடம் சொன்னாள், ஹொனோரா அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆகவே இந்தக் கதையிலும் அது இல்லை.

"நீ உயிரோடதான் இருக்கியா" என்றாள் ஹொனோரா.

"அன்னிக்கு நான் மலைக்குப் போயிருந்தேன். எங்க அம்மா ஆளுங்களப் பாக்க." அவள் உள்ளே வரவில்லை. "உங்க பிள்ளைங்க ஒரு பாட்டுப் பாடுதுங்க. அத நிறுத்து."

"அது வெறும் விளையாட்டு. தண்ணி சொல்றதத் திருப்பிச் சொல்லுதுங்க, அவ்வளவுதான்."

"அது பேருங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா பேரு. அவ மகன் பேரு. எங்க பெரியவரு பேரு. செத்தவங்க பேர நாங்க சொல்ல மாட்டோம். சொன்னா அவங்களால போக முடியாது. உங்க பிள்ளைங்க ஒவ்வொரு பேரையும் சொல்லி அது மேல குதிக்குதுங்க."

அடுப்பில் கெட்டில் சூடாகத் தொடங்கியிருந்தது. ஒரு பெண்ணின் குரல் எதையோ சொன்னது. வாசலில் நின்றவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹொனோரா கெட்டிலை இறக்கப் போனவள், கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளாக அவள் ஒரு விஷயத்துக்குப் பயந்துகொண்டிருந்தாள். தண்ணீர் எல்லாவற்றையும் சொல்கிறது, யார் யார் போனார்கள், யார் சுட்டார்கள், யார் சோறு போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சபிக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள். "எங்களப் பத்தியா?"

அந்தப் பெண் கெட்டிலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"காலைப் பேச்சு. அன்னிக்குக் காலையில பேசினது. வெறகு ஈரம்ங்கறா. பையன் தூண்டிலத் தொலைச்சுட்டான், பெரியவரு திட்டறாரு. இப்போ எங்க அக்கா." அவள் தலையைக் கெட்டில் பக்கம் சாய்த்தாள். "அக்கரையில மாவு குடுக்கறவ வீட்டுல புகை நெறைய வருது, அவளுக்கு இன்னிக்கு ஆளுங்க அதிகம்போல, பெரிய மீன அவளுக்கு எடுத்து வைங்க. அதான் சொல்றா."

ஹொனோரா கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. அது கொதித்துப் பொங்கி அடுப்பையே அணைத்தது. அப்போது உனா வெளியிலிருந்து ஓடிவந்து, வாசலில் நின்றவளைப் பார்த்து, தண்ணீரின் மொழியில் எதையோ கேட்டாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். குழந்தையின் வாயிலிருந்து வந்த உச்சரிப்பு, இழுப்பு, ஒரு சொல்லின் முடிவில் நாக்கைத் தட்டும் விதம், எல்லாம் அவளுடைய அக்காவினுடையது. அவள் கையை நீட்டி, குழந்தையை அருகில் உட்காரவைத்து, அவளிடம் மெதுவாகப் பேசினாள். எது பெயர், எது சொல்லலாம், எது கூடாது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அன்றிலிருந்து உனா அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"மத்தவங்களுக்கு நீ சொல்லு" என்று அந்தப் பெண் எழுந்தாள்.

ஹொனோரா துறைக்கு இறங்கிப் போனாள். ஜெத்ரோ ஓடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். தண்ணீர் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் காதுகளில் கம்பளி அடைத்திருந்தான். அவள் அதைப் பிடுங்கினாள்.

"பிள்ளைங்க குதிச்சுப் பாடறது செத்தவங்க பேரு. நிறுத்தச் சொல்லணும். ஏன்னு கேப்பாங்க. நான் சொல்லப்போறேன்."

அவன் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ சொன்னா என்னத் தூக்குல போடுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லுவியா?"

"அன்னிக்கு ரொட்டி சுட்டது நான்தானே ஜெத்ரோ."

அவன் ஆற்றைப் பார்த்தான். மெல்லிய பேச்சு ஓடத்தின் அடியில் உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. "என் பேரச் சொல்லுதா?" என்று கேட்டான். "நான் கேக்கறேன், ஒரு தடவையாவது என் பேரச் சொல்லுதா?"

"இல்ல. மீனப் பத்திப் பேசுது."

"வேற?"

"வெறகு ஈரமா இருக்காம்."

ஜெத்ரோ முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். சபித்திருந்தால் அவனால் எதிர்த்துக் கத்தியிருக்க முடியும், குடித்து மறந்திருக்க முடியும், பதிலுக்குச் சபித்திருக்கவும் முடியும். ஈர விறகுக்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே ஹொனோரா எழுந்து நின்றாள். பாதிரியார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து நிறுத்தினார். வயிறுகள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தன.

"வெளிய நம்ம பிள்ளைங்க பாடற பாட்டு இருக்கே, அது பேருங்க" என்றாள். "வளைவுல இருந்தவங்க பேரு. ஈஸ்டருக்கு அப்புறம் அவங்களச் சுட்டு ஆத்துல போட்டாங்க. போனவங்க யாருன்னு எனக்குத் தெரியும், என் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க, திரும்பி வந்தும் என் வீட்டுலதான் சாப்பிட்டாங்க. என் புருஷன் போனான். வெயின் துரை போனாரு. இந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க பாதிப் பேரு போனாங்க. நான் பரிமாறினேன். இப்ப அந்த ஜனங்களச் சேந்த ஒருத்தி வந்து கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பேர வெச்சு விளையாட வேண்டாம்னு கேக்கறா. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

வெயின் துரை தன் தொப்பியின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய வயிற்றுக்குள் ஒரு சிறுவன் எதற்காகவோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். கூட்டம் கலைந்து வெளியே வந்ததும் ஒரு தாய் நேராகப் போய்த் தன் மகளின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி அவள் கன்னத்தில் அறைந்தாள், பிறகு இன்னொரு தாய், பிறகு எல்லாத் தாய்மார்களும். முற்றம் முழுவதும் அழுகைச் சத்தமாக இருந்தது, காரணம் புரியாத குழந்தைகள் வீட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள், அந்தப் பாட்டு அதற்குப் பிறகு யார் வாயிலும் வரவில்லை. பக்கத்துப் பண்ணைப் பெண்கள் ஹொனோராவைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போனார்கள்.

நகரத்திலிருந்து ஒரு நீதிபதி விசாரிக்க வந்தார். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தான் கொண்டுவந்த ஒயினை மட்டும் குடித்தார். ஹொனோரா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவள் கண்ணால் பார்த்தாளா என்று கேட்டார், அவள் பார்க்கவில்லை. பைபிளின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யாத பூர்வகுடிப் பெண்ணின் சாட்சியத்தைச் சட்டம் ஏற்காது என்றார். தண்ணீரைச் சாட்சியாக அழைக்கவும் வழியில்லை என்றார், அதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று மாலையே அவர் துரையின் வண்டியில் திரும்பிப் போனார். யாரையும் தூக்கில் போடவில்லை.

மறுநாள் ஜெத்ரோ காலியான ஓடத்தை இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். மேட்டிலிருந்து ஹொனோரா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடத்தை ஒழுங்காகக் கட்டினான், கயிற்றின் முடிச்சை இருமுறை சோதித்தான், பிறகு வளைவுக்கு எதிர்த்திசையில் நடந்து மரங்களுக்குள் போனான். பிறகு அவனை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, வடக்கயிற்றைப் பற்றியபடி, மார்பளவு பேசும் தண்ணீரில் இறங்கிக் கடந்து போய் ஓடத்தை மீட்டுவந்தாள்.

சில நாளில் அந்தப் பெண் மீண்டும் வந்தாள். இந்த முறை மலையிலிருந்து வந்த இன்னும் சிலரும் அக்கரையில் காத்திருந்தார்கள்; அவர்களுடைய தலைகளிலும் வெள்ளைக் களிமண்.

"பிள்ளைங்க நிறுத்திட்டாங்க. தண்ணி நிறுத்தல" என்றாள். "அது எங்க வேல. பச்சை எலை போட்டுப் புகை போடுவோம், அழுவோம், அவங்களப் போகவிடுவோம். முடியறவரைக்கும் வளைவுப் பக்கம் யாரும் வரக் கூடாது. துப்பாக்கி வரக் கூடாது."

ஹொனோராவுக்கு முதலில் நினைவு வந்தது உனாதான். "தண்ணி பேசாமப் போயிட்டா என் மக? அவளுக்குப் பேச்சு அதுலேர்ந்துதானே வந்துச்சு. அதுவும் போயிடுமா?"

"எனக்குத் தெரியாது."

"போகாதுன்னு சொல்லு."

"தெரியாதத எப்படிச் சொல்ல?" என்றாள் அந்தப் பெண். "உன் மக பேசணும்னு எங்க அக்கா இங்கயே கெடக்கணுமா?"

கம்பளி வண்டிகள் வரும் சத்தம் தொலைவில் கேட்டது. துரையின் வண்டிகள், கூடவே குதிரையில் துரை. அவள் விடுதியின் கதவைச் சாத்தினாள், கோடாலியை எடுத்துக்கொண்டாள், உனாவைத் தூக்கி ஓடத்தில் உட்காரவைத்தாள், மூவரும் கயிற்றை இழுத்து அக்கரை சேர்ந்தார்கள். வண்டிகள் துறைக்கு வந்து நின்றபோது அவள் மறுகரையில் வடக்கயிறு கட்டிய மரத்தருகே நின்றாள்.

"ஓடத்தக் கொண்டா!" என்று துரை கத்தினார். "கம்பளி நாளைக்குக் கப்பலுக்குப் போற வண்டியில ஏறியாகணும்!"

அவள் கோடாலியை ஓங்கினாள். ஜெத்ரோ அத்தனை வருஷம் கொழுப்புத் தடவி வளர்த்த கயிறு, எளிதில் அறவில்லை. வெட்ட வெட்ட அது முறுக்கவிழ்ந்து, கடைசிப் பிரி அறுந்ததும் ஆற்றின் மேல் சாட்டைபோலச் சுழன்று விழுந்து, நீரோட்டத்தில் நீண்டு மிதந்தது. துரை துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார். டாபின் வண்டியிலிருந்து இறங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல், துரையின் குதிரைக்கு முன்னால், துப்பாக்கிக்குக் குறுக்கே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். துரை நெடுநேரம் அப்படியே குறிபார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துப்பாக்கியை இறக்கி, மேலே எங்காவது ஆழம் குறைந்த இடம் பார்க்கும்படி வண்டிகளைத் திருப்பினார். அடுத்த வருஷம் அந்த இடத்தில்தான் பாலம் கட்டினார்கள், சாலையும் அங்கே நகர்ந்தது.

வளைவில் புகை எழுந்தது. தைல இலையின் காரமான வெள்ளைப் புகை தண்ணீரின் மேல் படுத்து நகர்ந்தது, அழுகை அதோடு சேர்ந்து நகர்ந்தது, ஹொனோரா மரத்தடியில் மகளைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தாள், யாரும் வரவில்லை. புகை எழுந்த நாட்களில் தண்ணீரின் குரல்கள் ஒன்றொன்றாகக் குறைந்தன. முதலில் குழந்தைகள் போனார்கள், பிறகு கிழவர், பிறகு பலர் சேர்ந்து போனார்கள். ஒரு காலையில் ஒரே ஒரு பெண்குரல் மிச்சமிருந்தது, அது எதையோ பாதிவரை சொல்லியது, அதன் பிறகு கேரிக் ஆறு மற்ற ஆறுகளைப்போல ஓடியது.

உனா நீரோரத்தில் குந்தி, காதைத் தண்ணீருக்குத் தாழ்த்திக் கேட்டாள். உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினாள். திரும்பவும் கேட்டாள். ஹொனோரா மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தை எழுந்து, ஈரக் கன்னத்தோடு தாயிடம் வந்து, பேசினாள். அந்த மொழியில்தான், அதே கரகரப்பில், கடைசியில் குரல் மேலே ஏற, ஏதோ ஒரு கேள்வி.

"பேசறா!" என்றாள் ஹொனோரா. சிரித்தாள், அழுதாள். "என்ன கேக்கறா? சொல்லேன், என்ன கேக்கறா?"

அந்தப் பெண் தன் தலையிலிருந்த களிமண்ணை உடைத்து ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க எங்க போயிட்டாங்கன்னு கேக்கறா."

"நீ சொல்லு அவளுக்கு. எனக்கு அந்தப் பேச்சு வராதே."

"நான் சொல்ல மாட்டேன்." அவள் எழுந்து கைகளைக் கழுவினாள். "உன் மக உன்னத்தான் கேக்கறா."

மலைக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் சிறிது தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஹொனோராவின் முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். ஹொனோரா திருப்பிச் சொன்னாள். தப்பு என்று அவள் தலையசைத்தாள், மறுபடி சொன்னாள், ஹொனோராவின் நாக்கு சரியான இடத்தில் படும்வரை சொல்லவைத்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அவங்க இங்க இருந்தாங்க."

அதற்குப் பிறகு அவள் போய்விட்டாள்.

ஹொனோரா கயிறில்லாத ஓடத்தைக் கழியூன்றித் தள்ளி மகளோடு வீட்டுக்குத் திரும்பினாள். சாலை நகர்ந்துபோன விடுதிக்கு யாரும் வரவில்லை. வராந்தா சாய்ந்தது, படுக்கைகளில் பறவைகள் கூடு கட்டின, தாயும் மகளும் காய்கறி பயிரிட்டும் கோழி வளர்த்தும் அங்கேயே இருந்தார்கள். உனா எழுந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள், ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கேட்டாள். மகளின் மொழியில் தனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தை ஹொனோரா ஒவ்வொரு முறையும் பதிலாகச் சொன்னாள். எப்போதாவது வழி தவறி வந்த வண்டிக்காரர்கள், பாழடைந்த விடுதியின் வாசலில் ஒரு பெண் ஆற்றைப் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பாலத்தடியில் போய்ப் பேசிக்கொண்டார்கள். வருஷங்கள் போயின. உனா வளர்ந்து, தாயின் மொழியையும் பேசக் கற்றுக்கொண்டு, ஒருநாள் கேட்பதை நிறுத்தினாள். ஹொனோரா சொல்வதை நிறுத்தவில்லை.